கோழி செய்த பாவம் என்ன?

2017-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், அப்போது அஸ்ஸாமில் சுகாதார மந்திரியாய் இருந்த திரு. ஹிமந்த பிஸ்வ சர்மா அவர்கள், கௌஹாத்தியில் புதிய உபாத்தியாயர்களுக்கு உத்தியோக உத்தரவு கொடுக்கும் கூட்டத்தில் பேசும்போது, மனிதர்களுக்குப் புற்றுநோய் வருவதும், வாலிபர்கள் விபத்தில் சாவதும் செய்த பாவத்தின் பலன் என்றும், விசாரித்துப் பார்த்தால் அது தெய்வ நீதியே என்று தெரியவரும் என்றும், நோயாளி தான் ஒரு பாவமும் அறியாதவராய் இருந்தாலும் அவருடைய தகப்பனோ தாயோ செய்திருக்கலாம் என்றும் சொன்னார். நாலாபக்கத்திலிருந்தும் கண்டனம் கிளம்பியவுடன், தமது பேச்சைத் திரித்துக் கூறுவதாகவும், மனிதன் படும் துன்பத்துக்கு முன் ஜென்மக் கர்மமே காரணம் என்று இந்து மதம் நம்புவதைத்தான் தாம் எடுத்துச் சொன்னதாகவும் சமாதானம் கூறினார்.

இந்தச் சமாதானத்தில் ஓர் உண்மை இருக்கின்றது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மந்திரியார் புதிதாக ஒன்றையும் கண்டுபிடித்துவிடவில்லை. நமது ஊர்த் திண்ணையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் நாள்தோறும் பேசப்படுகிற பேச்சையே அவர் மேடையேறிப் பேசினார். வித்தியாசம் என்னவென்றால், திண்ணையில் பேசுகிறவன் கையில் ஆஸ்பத்திரி இல்லை; மந்திரியார் கையில் ஆஸ்பத்திரியும் அதற்குரிய பணமும் இருந்தன. அன்றியும், இந்தியாவிலேயே புற்றுநோய் அதிகமாய்க் காணப்படும் பிரதேசம் அந்த வடகிழக்குப் பிரதேசம். அங்கே பச்சைப் பாக்கும் புகையிலையும் ஆணும் பெண்ணும் மெல்லுகிற பொருள்கள். பாக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-லேயே தீர்ப்புச் சொல்லியாய்விட்டது. அப்படியிருக்க, சுகாதார மந்திரி பாக்கையும் புகையிலையையும் விட்டுவிட்டுப் பாவத்தைப் பிடித்துக்கொண்டால் லாபம் யாருக்கு? புகையிலை முதலாளிக்கா, நோயாளிக்கா என்று கேட்கின்றோம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், நாற்பது வயதுள்ள ஓர் அம்மாளுக்கு மார்பில் ஒரு கட்டி கண்டது. அதை அவர் புருஷனிடம்கூடச் சொல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் மறைத்து வைத்திருந்தார். காரணம் வெட்கம் பாதி, பயம் பாதி. பிறகு மாமியாருக்குத் தெரிந்து, குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தார்கள், ஜோசியரிடம் போனார்கள், பரிகாரம் செய்தார்கள். கட்டி உடைந்து புண்ணான பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். படுக்கையில் இருந்த அந்த அம்மாளைப் பார்க்கப் போனபோது அவர் நம்மிடம் வலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “நான் யார் குடியைக் கெடுத்தேன் அண்ணா? எனக்கு ஏன் இது வந்தது?” என்று மாத்திரம் கேட்டார். உடம்பில் நோய், மனத்தில் குற்றவாளிக் கூண்டு. இந்த இரண்டாவது தண்டனையை அவருக்கு விதித்தவர்கள் யார் என்பதுதான் நம்முடைய கேள்வி. அந்த அம்மாளுக்கு அன்று நாம் சொல்லிய பதிலையே இங்கே விரித்துச் சொல்லுகிறோம். பதில் ஒரு கோழியிலிருந்து ஆரம்பிக்கின்றது.

1909-ம் வருஷத்தில் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்துக்கு, கோழி வளர்க்கும் ஒருவர் தம்முடைய கோழியொன்றைக் கொண்டுவந்தார். பிளிமத் ராக் என்னும் ஜாதியைச் சேர்ந்த பெட்டை; வயது சுமார் பதினைந்து மாதம்; வலது மார்பில் பெரிய கட்டி. அங்கே வேலை பார்த்த பெய்ட்டன் ரௌஸ் என்ற வைத்தியர் அந்தக் கட்டியை அறுத்தெடுத்து, அதே வம்சத்துக் கோழிகளுக்கு வைத்துப் பார்த்தார். அவைகளுக்கும் கட்டி வந்தது. அதோடு நிற்காமல், கட்டியை அரைத்து, உயிரணு ஒன்றுகூடத் தாண்ட முடியாத மிக நுட்பமான வடிகட்டியில் வடிகட்டி, அந்த வெறும் தண்ணீரை நல்ல கோழிக்கு ஊசி மூலம் ஏற்றினார். அதற்கும் கட்டி வந்தது. 1911-ல் இதை அச்சிட்டு வெளியிட்டார். வடிகட்டியைத் தாண்டி வந்த வஸ்து வைரஸ் என்னும் கிருமி. இதற்கு முன்பே, 1908-ல், டென்மார்க் தேசத்தில் எல்லர்மன், பாங் என்ற இருவர் கோழியின் ரத்தப் புற்றுநோயை இதேமாதிரி வடிகட்டிய நீரால் ஒரு கோழியிலிருந்து மற்றொரு கோழிக்கு மாற்றிக் காட்டியிருந்தார்கள். ஆனால் ரத்தத்தில் வருகிற அந்த வியாதி புற்றுநோயைச் சேர்ந்தது என்றே அக்காலத்தில் யாரும் எண்ணவில்லை.

ரௌஸ் சொன்னதை வைத்திய உலகம் நம்பிற்றா? இல்லை. “கோழியில் நடப்பது மனிதனுக்கு எப்படிப் பொருந்தும்?” என்றார்கள். “அது புற்றே அல்ல” என்றார்கள். “வடிகட்டியில் ஓட்டை இருந்திருக்கும்” என்றார்கள். ரௌஸும் எலியில் அதே காரியத்தைச் செய்து பார்த்துப் பலிக்காமல், சில வருஷங்களில் அந்த வேலையை விட்டு ரத்தத்தைக் கெடாமல் சேமித்து வைக்கும் ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். 1966-ல், அவருடைய 87-வது வயதில், நோபல் பரிசு வந்தது. 55 வருஷம் தாமதித்து வந்த பரிசு அது.

இங்கே நமது வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பரிசு பெற்ற சமயம் செய்த சொற்பொழிவில் ரௌஸ் என்ன சொன்னார் தெரியுமா? உயிரணுவுக்குள் இருக்கும் மரபணு கெட்டுப்போவதால் புற்றுநோய் வருகிறது என்னும் கொள்கையை அவர் எதிர்த்துப் பேசினார். அந்த விஷயத்தில் அவர் தவறிவிட்டார். பத்து வருஷத்துக்குள், அவருடைய கோழி வைரஸையே கையில் வைத்துக்கொண்டு, அவர் மறுத்த கொள்கைக்கு மற்றவர்கள் ஆதாரம் காட்டினார்கள். இதனால் ரௌஸின் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவருடைய வார்த்தையை எவரும் வேதவாக்காக்கிக் கற்பூரம் கொளுத்தவும் இல்லை. நம் நாட்டிலோ, யாரோ எப்போதோ ஓலையில் எழுதி வைத்ததை மாற்றினால் உலகம் கவிழ்ந்துவிடும் என்கிறார்கள்!

நிற்க, அந்த வைரஸுக்குள் இருந்த மர்மம் என்ன என்பதைப் பார்ப்போம். கோழிகளிடத்தில் இந்தக் குடும்பத்து வைரஸ்கள் பல உண்டு. அவைகளில் பெரும்பாலானவை உடனே கட்டியை உண்டாக்குவதில்லை. ரௌஸின் வைரஸ் மாத்திரம் சில வாரங்களில் கோழியைக் கொன்றுவிடும். 1970-ஐ ஒட்டிய வருஷங்களில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், ரௌஸின் வைரஸிடம் ஒரு மரபணு அதிகமாய் இருப்பது தெரிந்தது. மரபணு என்பது தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் ஒரு துண்டு. உடம்பு இன்ன புரதத்தை இன்னபடி செய்துகொள்ள வேண்டும் என்பதற்குக் குறிப்பு. இந்த வைரஸ்களுக்கு டி.என்.ஏ. இல்லை, அதற்கு இனமான ஆர்.என்.ஏ. என்னும் இழையில் குறிப்பை எழுதி வைத்துக்கொண்டு, கோழியின் உயிரணுவுக்குள் போன பிறகு டி.என்.ஏ.யாகப் பெயர்த்துக்கொள்ளும். வைரஸிடம் அதிகமாய் இருந்த அந்தத் துண்டுக்கு “ஸார்க்” என்று பெயரிட்டார்கள். அந்தத் துண்டு இருந்தால் புற்று. இல்லாவிட்டால் புற்று இல்லை.

அப்படியானால் அந்தத் துண்டு யாருடைய சொத்து? வைரஸின் சொத்து என்றே அநேகர் நினைத்தார்கள். எந்தக் காலத்திலோ வைரஸ்கள் புற்றுநோய் மரபணுவைக் கொண்டுவந்து எல்லாப் பிராணிகளிடத்திலும் போட்டுவிட்டன, அது உறங்கிக் கிடந்து விழித்தால் புற்றுநோய் என்று 1969-ல் இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு கொள்கை சொன்னார்கள். இதைப் பரிசோதித்துப் பார்க்கப் புறப்பட்டவர்கள் சான்பிரான்சிஸ்கோவிலிருந்த பிஷப், வார்மஸ் என்ற இருவரும், அவர்களிடம் பிரான்சிலிருந்து வந்து வேலை செய்த ஸ்தேலன் என்பவரும், வைரஸ் நிபுணரான வோக்ட் என்பவரும் ஆவார்கள்.

அவர்கள் செய்த காரியம் நமது படிக்காத தோழர்களுக்கும் விளங்கக்கூடியதே. டி.என்.ஏ. என்பது இரட்டைப் புரி கயிறு. சூடாக்கினால் இரண்டு புரியும் பிரியும்; ஆறினால் பொருத்தமான புரி பொருத்தமான புரியைத் தேடிச் சேரும். பொருத்தம் அதிகமாயிருந்தால் மறுபடி பிரிக்க அதிகச் சூடு வேண்டும்; பொருத்தம் குறைவாயிருந்தால் கொஞ்சச் சூட்டிலேயே பிரிந்துவிடும். ஸார்க் துண்டுக்கு இணையான ஒரு புரியைச் செய்து, அதை நோயில்லாத பறவைகளின் டி.என்.ஏ.யோடு சேரவிட்டுப் பார்த்தார்கள். ரௌஸின் வைரஸ் பக்கத்திலேயே வந்திராத நல்ல கோழியிலும் அந்த மரபணு இருந்தது. காடையில் இருந்தது. வான்கோழியில் இருந்தது. வாத்தில் இருந்தது. ஈமுவிலும் இருந்தது. (2012-ல் நம் கொங்குப் பக்கத்துக் குடியானவர்கள் பண்ணைக்காரர்களை நம்பிப் பணத்தைக் கொட்டி ஏமாந்தார்களே, அதே ஈமுதான்.)

இருந்தது மாத்திரமா? பொருத்தம் எப்படி அமைந்தது என்பதில்தான் விஷயமே இருக்கின்றது. கோழியோடு பொருத்தம் அதிகம். கோழிக்குப் பங்காளியான காடை முதலியவைகளோடு அதற்கடுத்தபடி. தூரத்து உறவான ஈமுவோடு இன்னும் குறைவு. ஆனால் இல்லாமல் போகவில்லை. ஈமுவின் வம்சமும் கோழியின் வம்சமும் பிரிந்து சுமார் பத்துக் கோடி வருஷமாகிறது. வெளியிலிருந்து வைரஸ் கொண்டுவந்து போட்ட சாமானாயிருந்தால் இப்படி உறவு முறைப்படி வரிசையாய் அமைந்திருக்குமா? பரம்பரைச் சொத்து ஒன்றுதான், தகப்பன் பிள்ளை பேரன் என்று இறங்க இறங்கச் சிறிது சிறிதாய் மாறிக்கொண்டு போகும். ஆகவே மரபணு பறவையின் சொத்து, வைரஸ்தான் திருடன். கோழியின் உயிரணுவுக்குள் நுழைந்து தன் இழையைக் கோழியின் இழையோடு ஒட்டவைத்துக்கொண்ட வைரஸ், வெளியேறும்போது பக்கத்திலிருந்த ஸார்க்கையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. 1976-ல் இந்த முடிவு வெளியாயிற்று. 1978-ல் அதே மரபணுவை மாட்டிலும் எலியிலும் மனிதனிலும் மீனிலும்கூடக் கண்டார்கள். 1989-ல் பிஷப்புக்கும் வார்மஸுக்கும் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. மேஜையடியில் நின்று கைவேலை செய்த ஸ்தேலனைப் பரிசுக்காரர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பகிரங்கமாகவே முறையிட்டார். விஞ்ஞான உலகத்திலும் இப்படிப்பட்ட வழக்குகள் உண்டு என்பதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

நமது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியும் இந்த விசாரணையில் ஒரு சாட்சி. வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியின் டி.என்.ஏ.யில் இந்த வைரஸ் குடும்பத்தின் துண்டுகள் குடியேறிக் கிடக்கின்றன. அதற்கு நெருங்கிய தாயாதியான சாம்பல் காட்டுக்கோழியிடமோ அத்துண்டுகள் இல்லை என்று 1979-ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. பிந்தி வந்த குடியேறி ஒரு வீட்டில் இருப்பான், அடுத்த வீட்டில் இருக்கமாட்டான். ஸார்க்கோ எல்லா வீட்டிலும் இருக்கின்றது. இதைவிடத் தெளிவான பட்டா வேறு என்ன வேண்டும்?

சரி, நல்ல பிராணியின் உடம்பில் இந்தப் பொல்லாத மரபணு எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அது பொல்லாத மரபணு அல்ல. உயிரணு வளருவதற்கும் நகருவதற்கும் வேண்டிய ஒரு புரதத்தை அது செய்கின்றது. 1991-ல் அந்த மரபணுவை எடுத்துவிட்டு எலிகளைப் பிறப்பித்துப் பார்த்தார்கள். எலும்பு கரைந்து புதுப்பிக்கப்படாமல் இறுகிப் போய், பல்லும் முளைக்காமல் கஷ்டப்பட்டன. ஆகவே அது இல்லாமல் சுகமாய் வாழ முடியாது. கோழியில் அந்தப் புரதம் 533 மணிகள் கோத்த ஒரு மாலை. அதன் வால் பக்கத்தில், 527-வது மணியில், ஒரு தடுப்பு இருக்கின்றது. வண்டிக்கு முட்டுக்கட்டை போல. வேலை முடிந்ததும் அந்த முட்டுக்கட்டை விழுந்து புரதம் அடங்கிவிடும். வைரஸ் திருடிக்கொண்டு போனபோது வாலில் 19 மணிகள் அறுந்துபோய், அதற்குப் பதிலாய் வேறு 12 மணிகள் ஒட்டிக்கொண்டன. முட்டுக்கட்டை போய்விட்டது. வண்டி மேட்டிலிருந்து உருண்டுகொண்டே இருக்கின்றது. அதுதான் அந்தப் பிளிமத் ராக் கோழியின் மார்பில் இருந்த கட்டி.

இதில் பாவம் எங்கே இருக்கின்றது? 527-வது மணியிலா?

இன்னும் பாருங்கள். பறவைகளின் புற்று வைரஸ்களிலிருந்து கண்டுபிடித்த மரபணுக்கள் ஸார்க் ஒன்றோடு நிற்கவில்லை. “மிக்” என்று ஒன்று. கோழிகளில் வைரஸ் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதை முடுக்கிவிடுவதால் புற்று உண்டாகிறது என்று 1981-ல் கண்டார்கள். மறு வருஷமே, ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குத் தாடையில் வரும் கொடிய புற்றுநோயிலும் அதே “மிக்” இடம் பெயர்ந்து முடுக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். “எர்ப்-பி” என்று மற்றொன்று. கோழிகளின் ரத்தத்தில் வரும் ஒரு புற்றுநோயின் பெயரிலிருந்து எடுத்த பெயர் அது. அதன் சகோதர மரபணு மனிதரிடத்தில் உண்டு. அது பெருகிப் போவதால் வருவது மார்புப் புற்றுகளில் ஐந்தில் ஒரு பங்கு வரையில் இருக்கும். அதை அடக்குவதற்கென்றே செய்த மருந்து 1998-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. நாம் மேலே சொன்ன அம்மாளின் பரிசோதனைச் சீட்டில் “ஹெர்-2” என்று எழுதியிருந்தது. அதற்கு மறுபெயர் “எர்ப்-பி-2”. எந்த ஜோசியன் எழுதிய ஜாதகத்திலும் அந்தப் பெயர் இல்லை. கோழியின் வியாதியில் இருந்தது. கோழியை அறுத்துப் பார்த்தவனால் அந்த அம்மாளுக்கு மருந்து கிடைத்தது. கட்டி கண்டவுடனேயே போயிருந்தால் இன்னும் நல்ல பலன் கிடைத்திருக்கும் என்று வைத்தியர் சொன்னார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, கோழி தின்றால் புற்றுநோய் வரும் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். மாமிசம் கூடாதென்று பிரசாரம் செய்யும் புண்ணியவான்கள் இதற்கென்றே காத்திருப்பார்கள்! கோழி வைரஸால் மனிதனுக்குப் புற்றுநோய் வருவதாக யாரும் நிரூபிக்கவில்லை. நாம் சொல்லுவது வேறு. கோழியும் நாமும் ஒரே பாட்டனின் வம்சம் என்பதும், அந்தப் பாட்டன் வாழ்ந்தது சுமார் முப்பத்திரண்டு கோடி வருஷத்துக்கு முன் என்பதும், அந்தப் பாட்டனிடமிருந்து வந்த சொத்தில் இந்த மரபணுக்களும் சேர்ந்தவை என்பதுமே நாம் சொல்லுவது. இன்னும் ஆழமாய்ப் போனால், ஸார்க்கின் இனத்தைச் சேர்ந்த மரபணுக்கள், தண்ணீரில் ஒரே உயிரணுவாய் மிதக்கும் சில நுண்ணிய ஜீவன்களிடத்திலும் இருக்கின்றன. அதாவது பாவம் செய்யக் கையும், பொய் சொல்ல வாயும் உண்டாவதற்கு முன்பே இந்த மரபணு உண்டாகிவிட்டது.

இனி ஆஸ்திகர்கள் சொல்லக்கூடிய ஒரு சமாதானம் பாக்கி இருக்கின்றது. “கோழிக்கும் முன் ஜென்மம் உண்டு; போன ஜென்மத்தில் மகாபாவியாய் இருந்தவன்தான் இந்த ஜென்மத்தில் கோழியாய்ப் பிறந்து கட்டி வந்து செத்தான்” என்பார்கள். நல்லது, அதையும் பார்த்துவிடுவோம். காட்டில் திரியும் சிவப்புக் காட்டுக்கோழி வருஷத்தில் பத்துப் பதினைந்து முட்டை இடுவதே அதிகம். பண்ணைக் கோழியோ மனிதன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் பலனாக வருஷத்தில் முந்நூறு முட்டை வரையில் இடுகின்றது. இப்படி ஓயாமல் முட்டையிட்ட பெட்டைகளுக்கு இரண்டு மூன்று வயதுக்கு மேல் சூற்பைப் புற்றுநோய் மிகுதியாய் வருகின்றது. பெண்களுக்கு வரும் அதே வியாதியை ஆராய்கிறவர்கள் கோழியை வைத்துத்தான் ஆராய்கிறார்கள். முட்டை வெளிப்படும் ஒவ்வொரு தடவையும் சூற்பையின் மேல்தோல் கிழிந்து மறுபடி மூடுவதும், அப்போது உயிரணுக்கள் பெருகுவதும், பெருகும்போது மரபணுவில் பிழை நேருவதும் ஒரு காரணம் என்கிறார்கள். 108 வகைப் பறவைகளைப் பற்றி 2024-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், பறவை பெரியதா சிறியதா, நீண்ட நாள் வாழ்வதா என்பவைகளைக் கொண்டு புற்றுநோய் கூடுவதாகத் தெரியவில்லை. ஒரே ஈட்டில் அதிக முட்டையிடும் இனங்களில்தான் கூடுதலாய்க் காணப்பட்டது. அப்படியானால் முன் ஜென்மப் பாவிகளெல்லாம் தேடிப்பிடித்து அதிக முட்டையிடும் பறவையாய்த்தான் பிறக்கிறார்களோ? அமெரிக்கப் பண்ணைக்காரன் அதிக முட்டைக்காகக் கோழி ஜாதியைத் திருத்தினான் என்றால், பகவானுடைய பாவக் கணக்கையும் சேர்த்துத் திருத்திவிட்டானோ?

தவிர, பாவத்தால் வரும் வியாதியை ஊசி தடுக்குமா? கோழிகளுக்கு மாரெக் வியாதி என்று ஒரு புற்றுநோய் உண்டு. 1907-ல் ஹங்கேரி தேசத்து மாரெக் என்பவர் அதை முதலில் எழுதினார். அதுவும் ஒரு வைரஸால் வருவது. 1970-ஐ ஒட்டி அதற்குத் தடுப்பு மருந்து கண்டார்கள். புற்றுநோயைத் தடுக்கும் மருந்துகளில் அதுவே முதலாவது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர் நெற்றியில் எத்தனை பட்டை போட்டிருந்தாலும், பொரித்த குஞ்சுக்கு முதல் நாளே அந்த ஊசியைப் போட்டுவிடுகிறார். ஆயிரம் குஞ்சுக்கும் ஜாதகம் கணித்துப் பரிகாரம் செய்துகொண்டிருந்தால் பண்ணை என்ன கதியாகும் என்பது அவருக்குத் தெரியும். கோழி விஷயத்தில் வேலை செய்கிற அந்தப் புத்தி, தன் வீட்டுப் பெண்ணின் கழுத்தில் கட்டி வந்தால் மாத்திரம் ஏன் கோயில் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்பட வேண்டும்?

பெரிய பேச்சுக்காரர்கள் சிலர், “உயிர்களெல்லாம் ஒரே வம்சம் என்பது யூகம், குரங்கு மனிதனானதைக் கண்ணால் கண்டவர் யார்?” என்கிறார்கள். 2018 ஜனவரியில் மத்திய சர்க்காரில் கல்வி இலாகாவின் துணை மந்திரியாயிருந்த திரு. சத்யபால் சிங் அவர்களே, நமது முன்னோர் எவரும் அப்படிக் கண்டதாகச் சொல்லவோ எழுதவோ இல்லை என்றும், டார்வின் கொள்கை தவறு என்றும், பள்ளிப் பாடத்தில் அதை மாற்ற வேண்டும் என்றும் பேசினார். கண்ணால் கண்டால்தான் நம்புவாராம்! நாம் கேட்கின்றோம், முன் ஜென்மத்தைக் கண்ணால் கண்டவர் யார்? வட்டிக் கணக்கு ஏறி அது புற்றாய் முளைத்ததைக் கண்டவர் யார்? காடையும் ஈமுவும் கோழியும் தங்கள் உறவு முறையைத் தங்கள் டி.என்.ஏ.யிலேயே எழுதி வைத்திருக்கின்றன. சான்பிரான்சிஸ்கோவில் பார்த்ததை எந்த ஊர்ப் பரிசோதனைச் சாலையிலும், எந்த ஜாதியில் பிறந்தவனும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பார்க்கக் கற்றுக்கொடுப்பது பள்ளிக்கூடத்தின் வேலை. அங்கே நடந்தது என்ன? மத்திய சர்க்காரின் பாடப்புத்தக நிறுவனம், பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் இருந்த பரிணாமப் பாடத்தை, மாணவர்களின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி எடுத்துவிட்டது. 2023 ஏப்ரலில் ஆயிரத்து எண்ணூறு விஞ்ஞானிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் மேல் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். மேல் வகுப்பில் இருக்கின்றதே என்று பதில் வந்தது. மேல் வகுப்பில் உயிர்நூல் எடுத்துப் படிக்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? பத்தோடு படிப்பை முடித்துக் கடைக்கும் காட்டுக்கும் மில்லுக்கும் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்? பின்னால், தாய்க்கு வியாதி வந்தால் ஆஸ்பத்திரிக்கா, ஜோசியனிடமா என்று தீர்மானிக்கப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். கோழிக்கும் தமக்கும் உறவு உண்டு என்பதைச் சொல்லும் நாலு பக்கம் இவர்களுக்குச் சுமையாய்ப் போய்விட்டதாம்!

கர்மத்தில் நம்பிக்கையுள்ள அன்பர்களுக்கு நம்முடைய வேண்டுகோள் ஒன்றுதான். 1909-ல் நியூயார்க்குக்கு வந்த அந்தப் பதினைந்து மாதத்துப் பெட்டைக்கோழி இன்ன ஜென்மத்தில் இன்ன பாவம் செய்தது, அதனால் அதற்குக் கட்டி வந்தது. அதே மரபணுவை வைத்திருந்த பக்கத்துக் கூட்டுக் கோழி இன்ன புண்ணியம் செய்தது, அதனால் தப்பிற்று என்று ஆதாரத்தோடு எழுதி அனுப்பினால், ஓர் எழுத்தும் விடாமல் இந்தப் பத்திரிகையில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கின்றோம். தபால் செலவையும் நாமே கொடுத்துவிடுகின்றோம்.